எஸ்எஃப்சியா, டிஐஎஸ்எம்மா?

ஆடி மழையில் கூடலூர்ப் பக்கம் கரண்ட் படக்கென்று போய், அப்டேட் பாதியில் நின்றால் விண்டோஸ் கோப்புகள் கெடுவதுண்டு. அவற்றைச் சரிசெய்ய விண்டோஸிலேயே உள்ள இரண்டு கருவிகள்தான் எஸ்எஃப்சியும் டிஐஎஸ்எம்மும். (யுபிஎஸ் இல்லாமல் பழுதுபார்க்கவும் உட்காராதீர்கள்.)

அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் கொடுத்தால், வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையில் (விண்டோஸ் தன் கோப்புகளின் நகல்களை வைத்திருக்கும் கிடங்கு) உள்ள நல்ல நகலை எடுத்துக் கெட்டதன் இடத்தில் வைக்கும். நெட் வேண்டாம். அந்த நகலே கெட்டிருந்தால் கைவிரித்துவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே பதில்தான்.

டிஐஎஸ்எம்மின் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளை அந்தக் கிடங்கையே சரிசெய்யும். ஆனால் கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கும்; சிக்னல் விட்டுவிட்டு வரும் எஸ்டேட் வீடுகளில் பிழை காட்டி நின்றுவிடலாம். அதே பதிப்பு, அதே மொழி ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவல் கோப்பை) பென்டிரைவில் கொண்டுவந்து, அதிலுள்ள இன்ஸ்டால்.விம் கோப்பை /சோர்ஸ் எனக் காட்டி /லிமிட்ஆக்சஸ் சேர்த்தால் நெட்டைத் தேடாது. முடிந்ததும் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்ட வேண்டும். கிடங்கு சரியானாலும், கெட்ட கோப்பை மாற்றுவது அதுதான்.