யூபியூ நிரப்பித் தரும் மாடிக்கடை: 30 வெள்ளிக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பஸ் ஸ்டேஷன் பக்கம், போட்டோஸ்டேட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இந்த மையம். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவம்), எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்) முடித்த பிள்ளைகளுக்கு யூபியூ, அதாவது அரசு உயர்கல்விக்கூடங்களில் சேர்வதற்கான பொது விண்ணப்பம், நிரப்பித் தர 30 வெள்ளி (ரிங்கிட்). பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனுக்குத் தனியாக 15. தட்டச்சு வேலைக்கு இது நியாயமான விலை. ஆலோசனையும் சேர்த்துக் கிடைக்கும் என்று நம்பிப் படியேறினால் ஏமாற்றம்தான். 5க்கு 3 தரலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். கவுன்டர் அக்கா கணினியைத் தொடுவதற்கு முன் அடையாள அட்டையான ஐசியையும் பிறப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. அப்பா பெயரில் ஓரிடத்தில் ‘எச்’ இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. இதைப் பல்கலைக்கழகப் பதிவு நாளில் கண்டுபிடிப்பதைவிட, இப்போதே ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) அலுவலகம் போய்த் திருத்துவது மேல். மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் கீழ், யூபியூ உயர்கல்வி அமைச்சின் கீழ். இரண்டும் வேறு வேறு விண்ணப்பம் என்பதையும் அவரே எடுத்துச் சொல்கிறார். ஒன்றுக்குப் போட்டாயிற்று, மற்றது எதற்கு என்று வீட்டில் இருந்துவிடுகிற குடும்பங்கள் இன்னும் உண்டு.

கோளாறு மின்னஞ்சலில் தொடங்குகிறது. பிள்ளையிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் கடையின் முகவரியையே போட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல்லும் கடை நோட்டுப் புத்தகத்தில்தான். பிறகு நேர்முகத் தேர்வு அழைப்போ இடம் கிடைத்த தகவலோ வந்தால், அது கடைக்காரர் கண்ணில் பட்டால் உண்டு. இடத்தை ஏற்கக் கொடுப்பது சில நாள் அவகாசம். தவறினால் அந்த இடம் போனதுதான். அதனால் போவதற்கு முன்பே பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, பிள்ளையின் சொந்தக் கைப்பேசி எண்ணோடு போக வேண்டும். கடவுச்சொல்லைப் பிள்ளை கையாலேயே தட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது, யூபியூவில் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டிய 12 துறைகள். இங்கேதான் கடை சறுக்குகிறது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம் என்று அண்ணன் ஒருவர் மனப்பாடமாக மேலிருந்து கீழே அடுக்கிவிடுகிறார். இடம் கொடுக்கப் பார்க்கும் புள்ளிதான் மெரிட். எஸ்டிபிஎம் மெரிட் கணக்கு எளிது: சிஜிபிஏயை (4க்குக் கிடைத்த சராசரிப் புள்ளி) 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்கி, அதோடு புறப்பாட நடவடிக்கைக்கு 10க்குக் கிடைத்த புள்ளியைக் கூட்ட வேண்டும். சிஜிபிஏ 3.50 என்றால் 78.75, புறப்பாடத்தில் 8 இருந்தால் மொத்தம் 86.75. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யூபியூவின் இணைய வழிகாட்டியான இ-பண்டுவானில் ஒவ்வொரு துறைக்கும் போட்டிருக்கும் மெரிட்டைப் பாருங்கள். அது சராசரி, கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி இல்லை. ஒன்றிரண்டு புள்ளி குறைவு என்று மனம் தளர்ந்து விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்தத் துறை சிறப்புத் தகுதியில் கேட்ட பாடமோ, கிரேடோ, மூவெட் ஆங்கிலத் தேர்வின் பேண்டோ இல்லையென்றால் மெரிட் எவ்வளவு இருந்தும் அந்த வரி வீண்.

மேலே 3 ஆசைக்கு, நடுவில் 6 தகுதிக்கு, கீழே 3 காப்புக்கு என்று வைக்கலாம். யூபியூவில் கிடைப்பது ஒரே ஓர் இடம். ஆகவே கிடைத்தாலும் போகமாட்டேன் என்கிற துறையைக் கடைசி வரியில்கூடப் போடக் கூடாது. நேர்முகத் தேர்வு உள்ள துறைகளுக்குத் தனிக் குறி இருக்கும். ஆசிரியர் பயிற்சித் துறைகள் பலவும் அப்படித்தான். எஸ்பிஎம் பிள்ளைகளுக்கு அதே யூபியூ வழியாகவே தொழில்நுட்பக் கல்லூரியான போலிடெக்னிக்கும் உண்டு. ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார், நாட்டின் முதல் போலிடெக்னிக், பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கடையின் பட்டியலில் அது வராதது ஆச்சரியம்தான்.

சுவர் முழுக்கத் தனியார் கல்லூரி விளம்பரம். யூபியூ சரியாக வராது, இங்கே சேருங்கள் என்று மெல்லப் பேச்சு திரும்பினால், படிப்பின் பெயரை அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் எம்கியூஆர் பட்டியலில் தேடிப் பார்க்கும் வரை முன்பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் என்கிற அரசுக் கல்விக் கடன் கிடையாது. கடன் கேட்க எஸ்எஸ்பிஎன் என்கிற கல்விச் சேமிப்புக் கணக்கும் வேண்டும். 20 வெள்ளியில் திறக்கலாம். தோட்ட வேலையில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்கும் பெற்றோர், பிள்ளை படிப்புக்கு அதன் ஒரு பிரிவான அக்காவுன் செஜாத்ராவிலிருந்து எடுக்க வழி இருக்கிறது என்பதை இந்தக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ரிசல்ட் வந்த வாரத்தில் வரிசை படிக்கட்டு வரை நீளும். சனிக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுங்கள். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன், திரையைத் திருப்பச் சொல்லி 12 வரியையும் பிள்ளையே வாசிக்கட்டும். அக்கா முகம் சுளிப்பதில்லை. பின்னால் நிற்பவர்கள்தான் சுளிக்கிறார்கள்.