சீபாப் மெஷினா, பல் கருவியா?

குறட்டைக்கு நடுவே மூச்சும் நின்று நின்று வந்தால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்களிடம் அடிக்கடி வரும் கேள்வி: மாஸ்க் வழியே காற்றடிக்கும் சீபாப் (CPAP) மெஷின் வாங்கலாமா, பல்லில் மாட்டும் கருவி போதுமா?

சீபாப் 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் கொண்டுவந்தது. மாஸ்க் வழியே வரும் காற்றின் அழுத்தம் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் தாங்குகிறது. மூச்சடைப்பைக் குறைப்பதில் பல் கருவி இதை எட்டாது. ஆனால் மாட்டியிருந்தால்தானே பலன்! டர்பன் புழுக்கத்தில் மாஸ்க்கின் ஓரமெல்லாம் வியர்த்து வழுக்கும். லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023-ல், கரண்ட் போனால் என் மாமாவின் மெஷினும் நின்றுவிடும். அத்தை டார்ச் அடித்து மாஸ்க்கைக் கழற்றிவிடுவார். இன்வெர்ட்டர் தனிச் செலவு.

பல் கருவிக்குக் கரண்ட் வேண்டாம். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தும். கூடவே நாக்கும் முன்னே வர, தொண்டையில் வழி கிடைக்கிறது. பல வகைகளில் பக்கவாட்டில் சின்னத் திருகு இருக்கும். அதை டாக்டர் சொன்ன அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஆரம்பத்தில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும், காலையில் கடைவாய்ப் பற்கள் சற்று நேரம் சேராது. இது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆண்டுக்கணக்கில் போட்டால் பற்கள் நகர்ந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரும் விதமே மாறலாம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஆகவே பல் டாக்டரிடம் தொடர்ந்து காட்டுவது கட்டாயம். பல் செட் வைத்தவர்களுக்கும் பல் ஆடுகிறவர்களுக்கும் இது பொதுவாகப் பொருந்தாது.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் முதலில் சீபாப்தான், தயங்காதீர்கள். 5-லிருந்து 30-க்குள் என்றால், மாஸ்க் ஒத்துவராதவருக்குப் பல் கருவியே நல்லது என்பேன். அதை ராத்திரி முழுக்கப் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் பகல் தூக்கத்திலும் ரத்த அழுத்தத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மலிவு வகை மட்டும் வேண்டாம், பிடிமானம் போதாது.

பிள்ளைகளின் குறட்டைக்கு முதலில் டான்சிலைக் காட்டுங்கள். மேலண்ணம் குறுகியிருந்தால் அதை விரிக்கும் கருவி உண்டு. பதின்வயது முடிவதற்குள் போட்டால்தான் சுலபம். வெறும் பல் கம்பி ஆப்னியாவைத் தீர்க்காது.

அப்புறம், கருவி பொருந்தியதும் அதைப் போட்டுக்கொண்டே இன்னொரு தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். குறட்டை அடங்கிய பிறகும் மூச்சு நிற்பது தொடரலாம்.