டீச்சபிள் மெஷின்: ஏஐ சொல்லிக்கொடுக்க நல்ல கருவிதான், ஆனால்...

ஏஐ வகுப்பு என்றாலே வட்டமும் கோடுமாக நியூரல் நெட்வொர்க் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நேராக சாட்ஜிபிடிக்குத் தாவிவிடுகிறார்கள், நடுவில் 'இயந்திரம் கற்றுக்கொள்கிறது' என்றால் என்ன என்பது யாருக்கும் புரிவதில்லை. அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்துவது கூகுளின் டீச்சபிள் மெஷின் என்ற இணையதளம். 2017-இல் வந்தது, இப்போது புழக்கத்தில் இருப்பது 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பு. இலவசம். லாகின் வேண்டாம், கோடிங்கும் வேண்டாம். படம், ஒலி, உடல் நிலை என்று மூன்று வகையில் பழக்கலாம்.

வெப்கேம் முன்னால் பேனாவைக் காட்டி ஒரு தொகுப்பு, கத்தரிக்கோலைக் காட்டி இன்னொன்று, டிரெயின் பொத்தானை அழுத்தினால் சற்று நேரத்தில் மாடல், அதாவது இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகிய நிரல், தயார். (அதுவரை வேறு டேபுக்குப் போகாதீர்கள்.) இதோடு நிறுத்தினால் வெறும் வித்தைதான். வேண்டுமென்றே அதைத் தப்பு செய்ய வையுங்கள். பேனாவை வெள்ளைச் சுவர் முன்னால் மட்டும், கத்தரிக்கோலைக் கறுப்புத் திரை முன்னால் மட்டும் காட்டிப் பழக்கிவிட்டு, பிறகு இரண்டையும் இடம் மாற்றிக் காட்டினால் மாடல் தடுமாற வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அது பிடித்துக்கொண்டது பேனாவை அல்ல, சுவரை. டேட்டாவில் பக்கச்சார்பு என்று ஒரு மணி நேரம் பேசுவதை மாணவர்கள் இங்கே தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. முப்பது நாற்பது படத்திலேயே கற்றுக்கொண்டதுபோல ஒரு தோற்றம் வருகிறதே, அது பாதி உண்மைதான். பட வகையில் அடியில் இருப்பது மொபைல்நெட், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஏற்கெனவே பழகிய மாடல், நாம் அதன் தலையில் ஒன்றிரண்டு சின்ன அடுக்குகளை மட்டும் சேர்க்கிறோம். ஆசிரியர் இதைச் சொல்லாமல் விட்டால் மாணவர்களுக்குத் தவறான கணக்கு மனதில் பதிந்துவிடும்.

அப்புறம், இதற்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது! பேனா, கத்தரிக்கோல் மட்டும் பழக்கிவிட்டு செருப்பைக் காட்டினாலும் நூறு சதவீதத்தை அந்த இரண்டுக்குள்தான் பங்கு போடும். மூன்றாவதாக 'எதுவுமில்லை' என்று ஒரு தொகுப்பு சேர்த்தால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

அட்வான்ஸ்டு பகுதிக்குள் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாம்பிள்களில் 15 சதவீதத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கிவைத்துத் துல்லியம் காட்டுகிறது, ஆனால் ஒரே மூச்சில் எடுத்த வெப்கேம் படங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அந்த எண் பிரமாதமாகத்தான் வரும், நம்பாதீர்கள். வேறு வெளிச்சத்தில், வேறு ஆளை விட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஒலி வகை சுமார், பின்னணிச் சத்தத்தை முதலில் தனியாகப் பதிய வேண்டும், இரைச்சலான வகுப்பறையில் பொறுமை வேண்டும். பயிற்சி முழுக்க பிரவுசருக்குள்ளேயே நடப்பதால் பிள்ளைகளின் முகம் சர்வருக்குப் போகாது. ஆனால் கூகுள் டிரைவில் சேமித்தால் படங்களும் கூடவே போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வடிவ உரைக்கென்று (டெக்ஸ்ட்) எந்த வகையும் இல்லை. சாட்பாட் எப்படிப் பதில் சொல்கிறது என்று விளக்கத் தேடுபவர்களுக்கு இது உதவாது. வகைப்படுத்தல், பயிற்சி டேட்டா, சோதனை ஆகிய மூன்றுக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.