வெங்காயமும் சீஸும் அடைத்த சிக்கன் பிரெஸ்ட்: நான்கு வருடம் செய்த பிறகு எழுதுவது

இதை நான் முதன்முதலில் செய்து நான்கு வருடம் ஆகிறது. மாதத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் நூறை நெருங்கியிருக்கும். ஒரு தடவை செய்துவிட்டு ‘சூப்பராக வந்தது’ என்று எழுதும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. பல வருடம் செய்ததில் எது நிலைத்தது, எதை விட்டேன் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆரம்பத்தில் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அப்படி ஒரு குறிப்பாக இது இருக்கட்டும்.

செய்முறை என்று பார்த்தால் சின்னதுதான். நெஞ்சுக்கறித் துண்டின் பக்கவாட்டில் கீறிப் பை மாதிரி ஆக்கி, சுண்ட வதக்கிய வெங்காயத்தையும் சீஸையும் அதில் வைத்து மூடி, வாணலியில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, ஓவனில் வேக வைக்க வேண்டும். படித்தால் சிக்கன்தான் முக்கியம் என்று தோன்றும். என் அனுபவத்தில் ருசியில் பாதிக்கு மேல் வெங்காயத்தின் கையில் இருக்கிறது. அதை முதல் நாளே செய்து முடித்துவிட்டால் மறுநாள் வேலை அரை மணி நேரம்தான்.

அதனால் வெங்காயத்தை முதலில் சொல்கிறேன். நான் முதலில் பார்த்த குறிப்பில் ‘15 நிமிடம் வதக்கவும்’ என்று இருந்தது. அதை நம்பித் தீயைக் கூட்டினேன். ஓரமெல்லாம் கருகி நடுவில் பச்சை வாசனை போகாத ஒன்றுதான் கிடைத்தது. இப்போது ஒரு கிலோ வெங்காயத்துக்குக் குறைந்தது 50 நிமிடம் ஒதுக்குகிறேன், சில நாள் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். காரணம் எளிது. வெங்காயத்தின் எடையில் கிட்டத்தட்ட 89 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நமக்கு வேண்டிய பழுப்பு நிறமும் மணமும் வேகமாக உண்டாவது சுமார் 140 டிகிரிக்கு மேல்தான். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடக்கும் இந்த மாற்றத்தை 1912-ல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தார். இதைக் ‘கேரமலைஸ்’ செய்வது என்று எல்லோரும் சொன்னாலும் வாணலியில் நடப்பதில் பெரும்பங்கு மையார் மாற்றம்தான். தண்ணீர் போகாமல் நிறம் வராது, அவசரப்படுத்தினால் தண்ணீர் போவதற்குள் ஓரம் கருகிவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு தீயைக் கூட்டும் ஆசையே போய்விட்டது.

நான் செய்யும் விதம்: வெங்காயத்தைக் காம்பிலிருந்து வேர்ப்பக்கம் நோக்கி நீளவாக்கில் நறுக்குகிறேன். குறுக்கே நறுக்கினால் சீக்கிரம் குழைந்துவிடுகிறது, நீளவாக்கில் நறுக்கினால் கடைசிவரை இழை தெரிகிறது. அடி கனமான ஸ்டீல் வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஒரு ஸ்பூன் வெண்ணெயும் விட்டு, வெங்காயத்தோடு அரை ஸ்பூன் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் மூடி வைப்பேன். உப்பும் ஆவியும் சேர்ந்து வெங்காயத்தைத் தளர வைத்துவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, மிதமான தீக்கும் சற்றுக் கீழே விட வேண்டியதுதான். நான்-ஸ்டிக்கில் ஒரு வருடம் செய்து பார்த்தேன். கருகவில்லைதான், ஆனால் அடியில் அந்தப் பழுப்பும் ஒட்டவில்லை. அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது.

இந்த வேலையில் கண்ணைவிடக் காது நன்றாக உதவுகிறது. முதல் இருபது நிமிடம் மழை பெய்கிற மாதிரி சலசலப்பு. தண்ணீர் குறையக் குறைய அது சடசடவென்று மாறும். அப்புறம் ஒரு கட்டத்தில் சத்தம் சட்டென்று தணிந்து மெல்லிய சிடுசிடுப்பு மட்டும் கேட்கும். அந்த இடத்தில் அடுப்பைவிட்டு நகரக்கூடாது. வாணலியின் அடியில் பழுப்புப் படலம் ஒன்று பிடிக்கும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டால் ‘உஸ்’ என்று ஆவி எழும், மரக்கரண்டியால் சுரண்டினால் படலம் முழுவதும் கரைந்து வெங்காயத்தோடு சேரும். ஒரே நொடியில் மொத்தமும் ஒரு படி கறுக்கும். இப்படி மூன்று நான்கு தடவை. முதலில் வைக்கோல் நிறம், பிறகு தேன் நிறம், கடைசியில் பேரீச்சம்பழ நிறம். அங்கே நிறுத்திவிடுகிறேன், அதற்கு மேல் போனால் கசப்பு எட்டிப் பார்க்கிறது.

இதில் நான் கைவிட்டவை இரண்டு. ஒன்று, சர்க்கரை சேர்ப்பது. வெங்காயத்திலேயே நூற்றுக்கு நான்கைந்து பங்கு சர்க்கரை இருக்கிறது, தண்ணீர் வற்றினால் அது தானாகத் திரளும். இன்னொன்று, சமையல் சோடா. ஒரு கிலோவுக்குக் கால் ஸ்பூன் போட்டால் நிறம் சீக்கிரம் வருவது உண்மைதான். ஆனால் வெங்காயம் களிம்பு மாதிரி ஆகிவிடுகிறது, அடைத்தால் சீஸ் உருகும்போது அதோடு சேர்ந்து வெளியே வழிகிறது. புதிதாகச் சேர்த்தது ஒன்று: இறக்கும்போது அரை ஸ்பூன் வினிகர். அது இல்லாவிட்டால் நான்காவது வாய்க்கு இனிப்பு திகட்டுகிறது.

ஒரு கிலோ வெங்காயம் வற்றிச் சுமார் 250 கிராம் ஆகும். துண்டுக்கு 35 கிராம் போதும் என்பதால் ஒரு தடவை வதக்கினால் ஏழு துண்டுக்கு வரும். தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் வைக்கிறேன், மூன்று மாதம் வரை ருசி மாறுவதில்லை. இந்த ஒரு பழக்கம் வந்த பிறகுதான் விடுமுறை நாளில் மட்டும் செய்த உணவு வாரநாளுக்கும் வந்தது.

இனி சிக்கன். 200 முதல் 250 கிராம் வரை உள்ள துண்டுகளையே தேர்ந்தெடுக்கிறேன். 300-ஐத் தாண்டியவற்றில் சில, வெள்ளைக் கோடுகளோடு தொட்டாலே விறைப்பாக இருக்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் மரக்கட்டையை மெல்லுகிற மாதிரிதான் இருக்கும். அப்புறம், பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவுவதை நிறுத்திவிட்டேன். தெறிக்கும் தண்ணீரோடு கிருமிகள் சிங்க், பாத்திரம், துணி என்று எல்லாவற்றுக்கும் பரவுகின்றன. அவற்றைக் கொல்வது அடுப்பின் சூடுதான். கழுவாமல் இருக்க மனம் ஒப்பக் கொஞ்ச நாள் ஆனது. இப்போது காகிதத் துண்டால் ஒற்றி எடுப்பதோடு சரி. முதல் நாள் இரவே கறியின் எடையில் ஒரு சதவீதம் உப்பைத் தடவி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் வைக்கிறேன். 225 கிராம் துண்டுக்கு அரை ஸ்பூனுக்கும் சற்றுக் குறைவாக வரும். உப்பு உள்ளே இறங்கிக் கறி சாறைப் பிடித்து வைக்கிறது, மேல்பக்கம் காய்ந்து வாணலியில் சீக்கிரம் சிவக்கிறது. அடைக்கும் கலவையில் தனியாக உப்பு வேண்டாம், சீஸில் இருப்பதே போதும்.

முதல் ஆறு மாதம் என்னைப் படுத்தியது சீஸ் வழிவதுதான். துண்டைப் புத்தகம் மாதிரி விரித்து, நடுவில் கலவையை வைத்து மடிப்பேன். மூன்று பக்கமும் திறந்திருக்கும். ஓவனிலிருந்து எடுத்துப் பார்த்தால் சீஸ் முழுவதும் தட்டில் கருகிக் கிடக்கும், கறிக்குள் வெங்காயம் மட்டும் இருக்கும். மகள் ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு, “அம்மா, சீஸ் போட மறந்துட்டீங்களா?” என்று கேட்டாள். போட்டது 50 கிராம். அன்றைக்குத்தான் விரித்து மடிக்கும் முறையை விட்டேன்.

இப்போது தடித்த பக்கத்தில் சிறு கத்தியை நுழைத்து, வாயை ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் திறக்காமல், கத்தி முனையை மட்டும் உள்ளே விசிறி மாதிரி இடமும் வலமும் நகர்த்துகிறேன். வாய் சிறியது, வயிறு பெரியது. ஒரு கையைக் கறியின் மேல் தட்டையாக வைத்துக்கொண்டால் கத்தி எங்கே போகிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். மற்ற மூன்று பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். தவறிக் கத்தி மறுபக்கம் வந்துவிட்டாலும் கவலை வேண்டாம். நெஞ்சுக்கறிக்கு அடியில் விரல் போல ஒரு சிறு சதை ஒட்டியிருக்கும், அதை எடுத்து லேசாகத் தட்டி ஓட்டையின் உட்பக்கம் ஒட்டிவிட்டால் வேகும்போது அதுவே பிடித்துக்கொள்ளும். இதை எந்தக் குறிப்பிலும் நான் பார்க்கவில்லை, கை பழகியபோது தானாக வந்தது.

கலவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். சூடாக வைத்தால் சீஸ் முன்னாடியே இளகிவிடும், பச்சைக் கறிக்குள் வெதுவெதுப்பான ஒன்றை வைப்பது பாதுகாப்பும் இல்லை. 35 கிராம் வெங்காயம், 25 கிராம் சீஸ், அதற்கு மேல் கூடாது. நிறைய அடைத்தால் நடுப்பகுதி வேகுவதற்குள் வெளியே வறண்டுவிடும்.

சீஸில் நான் பலவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசியில் க்ரூயேரில் நின்றுவிட்டேன். அதன் கொட்டை போன்ற வாசனை வெங்காயத்தின் இனிப்போடு அவ்வளவு பொருந்துகிறது. அது இல்லாத நாள் ஈரம் குறைந்த மொசரெல்லா. தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா வேண்டாம், அதன் நீர் கலவையைச் சொதசொதப்பாக்கிவிடும். நாள்பட்ட செடார் மணமாக இருந்தாலும் எண்ணெய் பிரிந்து நிற்கிறது. எலுமிச்சை, வினிகர் விட்டுத் திரித்த வகைகள் உருகவே உருகாது. துருவிப் பாக்கெட்டில் வருவதில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் சேர்த்திருப்பார்கள், அதனால் அது வழவழப்பாக உருகாது. கட்டியாக வாங்கித் துருவுவதே நல்லது.

வாணலியில் ஒரு பக்கம் நான்கு நிமிடம் அசைக்காமல் விட்டு, திருப்பி, வாணலியோடு 200 டிகிரி ஓவனுக்குள் வைக்கிறேன். 15 முதல் 18 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் தீயைக் குறைத்து, மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடி வைத்தாலும் ஏறக்குறைய அதே நேரத்தில் வெந்துவிடும். மேல்பக்க மொறுமொறுப்பு மட்டும் கொஞ்சம் போகும்.

நிமிடக் கணக்கைவிட நான் நம்புவது தெர்மாமீட்டரை. முதல் வருடம் அது என்னிடம் இல்லை. குத்தினால் தெளிவான சாறு வந்தால் வெந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் விருந்தினர் தட்டில் வெட்டியபோது வெங்காயத்தை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி பச்சையாக இருந்தது. குழந்தைகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தட்டையும் திரும்ப எடுத்து மறுபடி வேக வைத்தேன். மறுநாளே தெர்மாமீட்டர் வாங்கினேன். கோழிக்குப் பாதுகாப்பான அளவு 74 டிகிரி செல்சியஸ், அடைத்த கலவைக்கும் அதே 74. கலவை தனியாக வெந்ததுதானே என்று விடக்கூடாது, பச்சைக் கறியின் சாறு அதில் ஊறியிருக்கும். அதனால் இரண்டு இடத்தில் குத்திப் பார்க்கிறேன்: தடித்த சதையில் ஒன்று, கலவையின் நட்டநடுவில் ஒன்று. கலவைதான் எப்போதும் பின்தங்கும். அது 72 ஆனதும் அடுப்பிலிருந்து எடுத்து, ஊசியை அப்படியே விட்டுவைத்தால் ஓரிரு நிமிடத்தில் வெளிச்சூடு உள்ளே இறங்கி 74-ஐத் தொடும். தொடவில்லையென்றால் திரும்ப உள்ளே போகும்.

தெர்மாமீட்டரும் காலத்தால் தளரும். என் முதல் கருவி ஒன்றரை வருடத்தில் தவறாகக் காட்ட ஆரம்பித்தது. ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஊசியை நடுவில் வைத்தால் 0 காட்ட வேண்டும். அது 4 காட்டியது. நாலு டிகிரி என்பது இங்கே சின்ன விஷயமில்லை, 74 என்று காட்டும்போது உள்ளே 70-தான் இருந்திருக்கும். இப்போது மாதம் ஒரு தடவை ஐஸ் தண்ணீரில் சரிபார்க்கிறேன்.

எடுத்தவுடன் வெட்டாமல் ஐந்து நிமிடம் விட வேண்டும். அவசரப்பட்டால் சீஸ் ஆறாக ஓடிவிடும். பொறுத்தால் கத்தியோடு இழுபட்டு, வெங்காய இழைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பர்தான். அரை விரல் தடிமனில் வெட்டி, மூடிய வாணலியில் சிறு தீயில் உள்வரை நன்றாகச் சூடேற்றினால் அவ்வளவாக வறளாது. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைக்க மறுநாள் கறிதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இஷ்டம்.

கடைசியாகப் பல்குச்சி. துண்டின் வாயைத் தைப்பதற்கு மூன்று போதும். நான் எப்போதும் மூன்றே குத்துகிறேன், முனை வெளியே தெரியும்படி. நான்கு துண்டு செய்தால் பன்னிரண்டு. பரிமாறும் முன் உருவி எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு எண்ணுகிறேன். பன்னிரண்டும் கிண்ணத்துக்கு வந்த பிறகுதான் தட்டு மேசைக்குப் போகும்.