இலை வார்ப்புக்கு எந்தக் கலவை மூட்டை உதவும்?

பெரிய இலையின் நரம்புகளை கான்கிரீட்டில் பதித்து, தோட்டத்துக்குத் தட்டாகவோ பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகவோ செய்ய விரும்புகிறவர்கள் இலையைத் தேடித் தேடிப் பொறுக்குகிறார்கள். கலவையை மட்டும் கையில் கிடைத்த மூட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும் என்று விற்கப்படும் கலவைகளில் நான்கு வகை உண்டு. இந்த வேலைக்கு ஒன்று முழுதாக உதவும், இன்னொன்று பாதி உதவும்.

ஜல்லி கலந்த கான்கிரீட் மூட்டை வேண்டவே வேண்டாம். வார்ப்பின் கனமே ஓரத்தில் 1 செ.மீ., நடுவில் 2 செ.மீ. தான். அதில் ஜல்லி உட்கார்ந்தால் மெல்லிய நரம்புகள் பதியாது, ஓரம் பொத்தலாகும். வேறு வழியில்லை என்றால் சலித்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஜல்லி போனபின் சிமெண்டின் பங்கு கூடிவிடும், வேகமாகக் காய்ந்தால் மயிரிழை விரிசல் விடும்.

சீக்கிரம் இறுகும் வகை உள்ளங்கை அளவு இலைகளுக்குப் பரவாயில்லை. பெரிய இலையில் ஒரு பக்கம் பூசி முடிப்பதற்குள் வாளியில் மிச்சம் கல்லாகிவிடும். அதில் தண்ணீர் தெளித்துக் குழைத்தால் பலமே போய்விடும்.

சரியான தேர்வு ஜல்லியில்லாத மணல்–சிமெண்ட் கலவை. வீட்டிலேயே கலப்பதானால் சிமெண்ட் 1 பங்கு, சலித்த பொடிமணல் 2 முதல் 3 பங்கு. 45 செ.மீ. நீளச் சேம்பு இலை ஒன்றுக்குச் சுமார் 5 கிலோ உலர் கலவை ஆகும். முதலில் 600 மி.லி. தண்ணீர் விட்டுப் பிசையுங்கள், பிறகு சிறுகச் சிறுகச் சேருங்கள். ஒரு பிடி எடுத்து உருட்டினால் உருண்டை சரியாமல் நிற்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் மேலே ஈர மினுமினுப்பு தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. தண்ணீர் கூடினால் கலவை சரிவில் வழிந்து ஓரத்தில் குவியும், நடு மெலியும், காய்ந்தபின் மேல்பரப்பு தொட்டால் மாவாக உதிரும்.

நான்காவது, பாலிமர் என்னும் பிசின் போன்ற ஒட்டுப்பொருள் சேர்த்த பழுதுபார்ப்புக் கலவை. ஒட்டும் தன்மையும் மெல்லிய ஓரத்தின் உறுதியும் இதன் பலம். ஆமணக்கு இலையின் கூர்நுனிகள் மணல் கலவையில் உடைந்துபோகும், இதில் நிற்கும். முழு வார்ப்புக்கும் இதையே போடுவது வீண் செலவு. முதல் 3 மி.மீ. இதில் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மேலே மணல் கலவையை ஏற்றுவது நல்லது.

மூட்டை எவ்வளவு நல்லதானாலும் இலையை வைக்கும் விதத்தில் தவறினால் பயனில்லை. ஈரமணலைக் கும்பலாகக் குவித்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, நரம்புகள் புடைத்த அடிப்பக்கம் மேலே தெரியும்படி இலையைப் பரப்புங்கள். இலைக்கடியில் வெற்றிடம் இருந்தால் கலவையின் கனத்தில் இலை அமுங்கி, அங்கே வார்ப்பு புடைத்துவிடும். காம்பை அடியோடு நறுக்குங்கள். நடுநரம்பு தடிமனாக இருந்தால் கத்தியால் சற்றுச் சீவிவிடுங்கள். புடைத்த நரம்பு வார்ப்பில் பள்ளமாகப் பதியும், அந்தக் கோட்டில் கனம் குறையும், தூக்கும்போது அங்கேதான் இரண்டாகப் பிளக்கும். அதன் முதுகில் 2.5 செ.மீ. வரை கலவை ஏற்றினால் பிளக்காது.

கலவையை நடுவிலிருந்து ஓரம் நோக்கி விரலால் அழுத்தித் தள்ளுங்கள். இலை விளிம்பைத் தாண்டி வழியவிட்டால் இலையின் வடிவமே தொலைந்துவிடும். 30 செ.மீ.க்கு மேற்பட்ட இலைக்குக் கோழிவலையை நடுவில் புதையுங்கள். விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே நிறுத்துங்கள், இல்லையெனில் கம்பி வெளியே வந்து துருப்பிடிக்கும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சிமெண்ட் தோலை அரிக்கும், சேம்பின் சாறும் அரிப்பைத் தரும்.

தாளால் மூடி 2 நாள் அசைக்காமல் விடுங்கள். புரட்டும்போது ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியைத் தாங்குங்கள். பள்ளங்களில் ஒட்டிய இலைத் துணுக்குகளை உலோகத்தால் சுரண்டக் கூடாது. காயவிட்டால் பிரஷ் பட்டதும் உதிர்ந்துவிடும். ஓரப் பிசிறை இந்தக் கட்டத்திலேயே அரத்தால் தேய்த்துவிடுங்கள், ஒரு வாரம் போனால் அரம்தான் தேயும்.

மணல் கலவைக்கு 7 நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும். பாலிமர் கலவையை அப்படி ஊறவைக்கக் கூடாது, மூட்டையில் அச்சிட்டுள்ளபடி காற்றில் ஆறவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வார்த்திருந்தால் முதல் 2 நாள் தாள் மூடலோடு நிறுத்துவது பாதுகாப்பு. சாயமோ நீர்புகாப் பூச்சோ 28 நாளுக்குப் பிறகே அடிக்க வேண்டும். பறவைத் தொட்டியானால் சுண்ணாம்புக் காரம் கரைந்து வெளியேற, குறைந்தது ஒரு வாரம் தினமும் தண்ணீர் நிரப்பிக் கொட்டிவிட்டுத்தான் தோட்டத்தில் வைக்க வேண்டும்.