திருவையாறு ஆராதனை: தஞ்சாவூரில் தங்குவதா, ஊரிலேயேவா?

கர்நாடக சங்கீத மேதை தியாகராஜரின் நினைவாகத் திருவையாற்றில் நடக்கும் ஆராதனைக்கு வருகிறவர்கள் பலரும் தஞ்சாவூரில் அறை எடுக்கிறார்கள். சுமார் 12 கிலோமீட்டர்தான். நல்ல ஓட்டல், வெந்நீர், பஸ் எல்லாம் உண்டு. ஆனால் அவர் சித்தியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று, அவருடைய ஐந்து பஞ்சரத்தின கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டிக்கு இடம் பிடிக்க இருட்டோடு கிளம்ப வேண்டும். ராத்திரிக் கச்சேரியிலும் பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழ வேண்டிவரும்.

திருவையாற்றில் அறைகள் குறைவு, வசதியும் சுமார்தான். ஆனாலும் என் ஓட்டு அதற்கே. காவிரியில் தண்ணீர் ஓடினால் விடிகாலையில் ஒரு முங்கு போட்டுவிட்டு, பனியில் நடந்தே பந்தலுக்குப் போய் முன்னால் உட்காரலாம். நாட்டை ராகத்தில் முதல் கிருதி எழும்போது, பக்கத்தில் இருக்கிற பாட்டி புத்தகம் பார்க்காமல் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு கூடவே பாடுவார். அப்புறம் கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குத் தஞ்சாவூர்தான் சரி.