பின்னுடல் உயர்த்திய எலிகளுக்கான தானியங்கி உணவூட்டி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எடையின்மை உடலுக்குச் செய்வதைத் தரையிலிருந்தே ஆராய்வதற்காக, வாலைப் பிணைத்துப் பின்னுடலை உயர்த்தி வைக்கும் விஸ்டார் எனும் ஆய்வுகூட இன எலிகளுக்கு, யாழ்ப்பாணத்தில் நான் பணியாற்றும் ஆய்வுகூடத்தில் தானியங்கி உணவூட்டி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எலி ஏறத்தாழ 30 பாகை தலைதாழ்ந்த சாய்வில், முன்கால்களால் மட்டுமே நகரும். ஆதலால் கூட்டின் மூடியில் உணவு வைக்கும் வழமையான கம்பித்தட்டு இதற்கு உதவாது. கிண்ணம் முன்கால்களுக்கு எட்டும் உயரத்தில், பக்கச் சுவரில் இருக்க வேண்டும். எங்கள் கருவியில் சிறு மோட்டர் திருகுத்தண்டைச் சுழற்றி உணவுக் குளிகைகளைத் தள்ள, கிண்ணத்தின் அடியிலுள்ள எடையுணரி அவற்றை நிறுக்கிறது.

இந்த நிறுவைதான் கருவியின் உயிர். உயர்த்தப்பட்ட முதல் சில நாட்களில் எலிகள் குறைவாகவே உண்பது வழக்கம். அந்தக் குறைவைக் கணக்கிலெடுக்காவிட்டால், பட்டினியால் மெலிந்த தசையை எடையின்மையால் மெலிந்ததாக எழுதிவிடுவோம். அதனால்தான் உயர்த்தப்பட்ட எலி நேற்று உண்ட அளவையே, உயர்த்தப்படாத ஒப்பீட்டு எலிக்கு இன்று கொடுக்கிறோம். சிந்திய துகளும் உண்டதாகப் பதிவானால் இரண்டு எலிகளின் கணக்கும் பிழைத்துவிடும். கூட்டின் கம்பிவலைத் தரையின் கீழ் விழும் துகள்களைத் தட்டில் ஏந்தி, கழிவை நீக்கி, உலர்த்தி, கையால் நிறுக்கும் வேலையை எந்த மோட்டரும் குறைத்துத் தரவில்லை.

மாரி காலத்தில் கருவி மிகவும் சோதித்தது. குளிகைகள் ஈரத்தை உறிஞ்சி மென்மையாகி, திருகுத்தண்டில் அரைபட்டு, குழாயின் உட்சுவரில் பசைபோல் அப்பின. மோட்டர் சுழன்றது, "வழங்கப்பட்டது" என்ற பதிவும் விழுந்தது, கிண்ணமோ வெறுமையாக இருந்தது. இப்போது சுழற்சியை நம்பாமல் எடையை மட்டுமே நம்பும்படி மாற்றியுள்ளோம்: எடை ஏறாவிட்டால் தண்டு அரைச்சுற்றுப் பின்னோக்கித் திரும்பி மீண்டும் தள்ளும், அப்போதும் ஏறாவிட்டால் மணி ஒலிக்கும். உப்புக்காற்றில் கறள் பிடித்த ஆணிகளையும் கறள் பிடியா உருக்குக்கு மாற்றினோம்.

இதை மிகையான எச்சரிக்கையாக நான் கருதவில்லை. 2013ஆம் ஆண்டு 45 சுண்டெலிகளுடன் 30 நாட்கள் பறந்த ரஷ்யாவின் பயோன்-எம்1 செய்மதியில், உணவூட்டும் தொகுதி பழுதடைந்ததால் ஒரு பகுதி சுண்டெலிகள் இறந்தன. அங்கே கை கொடுக்க யாரும் இல்லை.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டின்போது பற்றரி எங்களைக் காத்தது. ஆயினும் பற்றரியைவிட முக்கியமானது, மின்சாரம் திரும்பியதும் தவறிய வேளைகளின் உணவை ஒரேயடியாகக் கொட்டாத கட்டளை நிரல். எலிகள் இரவில் உண்பவை என்பதால் வழங்கும் நேரங்களில் பெரும்பாலானவற்றை இருள்வேளைக்கே ஒதுக்கியுள்ளோம்.

பசைவடிவ உணவைப் பயன்படுத்தலாமா எனச் சிலர் கேட்கின்றனர். துகள் மிதக்கும் விண்கலத்தில் அதற்கு நியாயம் உண்டு; எங்கள் வெயிலிலோ அது விரைவில் புளித்துவிடும். குளிரூட்டல் தடையின்றிக் கிடைக்காத கூடத்துக்கு, காற்றுப்புகாப் பெட்டியில் உலர்த்தி வைத்த குளிகையையே நான் பரிந்துரைப்பேன்.